ஒரு வருஷத்துப் பிடியரிசி

ரயிலில் 16 கிலோ அரிசியைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறும்போது எதிர் சீட்டுக்காரர் கேட்டேவிட்டார், “அங்கே அரிசி கிடைக்காதாம்மா?” பதில் சொல்லத் தெரியவில்லை. மூட்டையை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட இந்தப் பொருத்தனை அம்மாவுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் முடிந்து நான் கண் திறக்காமல் கிடந்த நான்கு நாளில், அம்மா ஆண்டவரிடம் பேசி முடித்துவிட்டாள். பிள்ளை எழுந்து நடந்தால் ஒரு வருஷத்துப் பிடியரிசி, ஊர்க் கோவிலில், அதாவது சர்ச்சில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு. நான் எழுந்தேன், நடந்தேன். அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட ஆரம்பித்தாள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி, அன்றைக்கு எது கைக்கு வந்ததோ அது. நடுவில் அவள் இடுப்பெலும்பு முறிந்து 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த நாட்களில் நான் போட்டேன். திரும்பி வந்ததும் பானைக்குள் எட்டிப் பார்த்து, “ஒன் கை சின்னது. இன்னும் அரைப்பிடி சேத்துப் போடு” என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை தெரியாது.

இப்போது அவளால் பயணம் முடியாது. பணமாக அனுப்பிவிடலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

திருச்செந்தூரில் இறங்கினால் முருகன் கோவிலுக்கு வந்த கூட்டம். தலையைப் பார்த்து வாடகை சொல்லும் ஆட்டோக்காரர்களைப் பற்றி என்ன சொல்ல! மூட்டைக்கும் சேர்த்து ஒருவர் இரட்டிப்பு கேட்டார். பேரம் பேசித் தோற்று, பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் மூட்டையை வைத்துவிட்டு நின்றபடி போனேன். வழியில் மெஞ்ஞானபுரம் சர்ச் கோபுரம் தெரிந்ததும் மனம் அடங்கிவிட்டது. 192 அடி. சின்ன வயதில் அது தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் (போதகர்களை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம்) 1838இல் வந்தபோது இங்கே வெறும் தேரி, செம்மணல் மேடு. அவர் கிணறு வெட்டி, மரம் நட்டுத் தோட்டமாக்கினார். 1845 புயலில் பழைய கோவில் விழுந்தும் அசரவில்லை, 1847இல் இந்தக் கோவில் பிரதிஷ்டை ஆகிவிட்டது. தாத்தா இதை எல்லாம் தான் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியே சொல்லுவார்.

அம்மாவின் ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம். கிறிஸ்தவ விசுவாசத்தினால் சொந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. 1799இல் முதலூர் அப்படித்தான் தொடங்கியது. பிறகு 1830இல் ரேனியஸ் ஐயர் அதற்கென்றே தரும சங்கம் ஏற்படுத்தினார். எங்கள் ஊரும் மிஷன் நிலத்தில் வந்ததுதான் என்பார்கள். மிஷன் தோட்டம் இன்னும் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்த சனிக்கிழமை ஊரே அங்கேதான் கிடந்தது. ஆண்கள் தேங்காய் பறிக்க, வாழைத்தார் வெட்ட. பெண்கள் முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்ட. சின்னப் பிள்ளைகள் விழுந்த தேங்காயை உருட்டிக்கொண்டு ஓட, சபை ஊழியரான உபதேசியார் அவர்கள் பின்னால் ஓட. ஒரு பாட்டி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, “யாரு மவ நீ?” என்றார். அம்மா பெயரைச் சொன்னதும், “அவளுக்கு இடுப்பு எப்படிட்டி இருக்கு?” என்று கேட்டாரே, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவரும் தினமும் ஜெபித்திருக்கிறார்.

மறுநாள் ஆராதனை. ஆல்டர் முன்னால் நெற்கதிர், வாழைத்தார், பூசணி, கருப்பட்டிக் கொட்டான், காலைக் கட்டிய சேவல்கள். அரிசியைக் கொட்டப் பெரிய பாய் விரித்திருந்தார்கள். வரிசையில் என் முறை வந்தது. மூட்டை வாயை அவிழ்த்துக் கவிழ்த்தேன். அரிசி விழுந்த சத்தத்தோடு ஏழெட்டு மிளகாய் வற்றலும் விழுந்தன! வண்டு வராமல் இருக்க அம்மா போட்டது, எடுக்க மறந்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்ற குவியலுக்கு மேல் எங்கள் அரிசி பல நிறத்தில், சிவப்பு வற்றலோடு. வெட்கத்தில் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையும் குனிந்து பொறுக்கினார். “கெடக்கட்டும்மா, குழம்புக்கு ஆகும்” என்றார் மெதுவாக.

அப்போதுதான் அழுகை வந்தது. ஒவ்வொரு பிடியையும் அவள் என் பெயரைச் சொல்லிப் போட்டிருக்கிறாள். முட்டி வலியோடு, இடுப்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி. அந்த நாள் அத்தனையும் என் கண் முன்னால் குவிந்து கிடந்தது. ஐயர் ஜெபித்தது ஒன்றும் காதில் விழவில்லை. உயிரோடு நிற்கிறேன் ஆண்டவரே, உயிரோடு நிற்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் வரவில்லை. எத்தனை நேரம் முழங்காலில் இருந்தேனோ, பின்னால் நின்ற அக்கா தோளைத் தொட்டுத்தான் நகர்த்தினார்.

ஏலத்தைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். காணிக்கைப் பொருளை ஏலம் எடுப்பது சந்தோஷம்தான். ஆனால் மைக்கைப் பிடித்தவர் வெளியூரில் வேலை பார்ப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விலையை ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாட்டுக்கோழி முட்டைக்கு நடந்த போட்டி இருக்கிறதே! ஊரே சேர்ந்து சாப்பிடும் அசன விருந்திலும் முதல் பந்திக்கு அப்படி ஒரு தள்ளுமுள்ளு. அடுப்படியில் நின்று சமைத்தவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். கறிக்குழம்பின் ருசி இன்னும் கையில் இருக்கிறது.

குழம்பு கெட்டுவிடும் என்று வெறும் அசனச் சோற்றை மட்டும் இலையில் பொதிந்து கொண்டுவந்தேன். திங்கட்கிழமை காலை அம்மா அதில் மோர் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் போட்டுவிட்டு மெல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

“நம்ம அரிசிதான்” என்றாள். “இட்லி அரிசி தட்டுப்படுது பாரு.”

அத்தனை வீட்டு அரிசியும் ஒன்றாகக் கொதித்த சோறு அது. ஆமாம்மா என்றேன்.