டெபியன் சர்வர்: நின்று படிக்க வேண்டிய மூன்று திரைகள்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும்போது பெரும்பாலான திரைகளை என்டர் தட்டித் தாண்டிவிடலாம். மொழி, கீபோர்டு, நேர மண்டலம் எல்லாம் பிறகும் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மூன்று இடங்களில் மட்டும் அவசரம் கூடாது.

அதற்கு முன் பென்டிரைவ்: நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ (மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் சிறிய நிறுவல் கோப்பு) போதும். அதை டிடி (dd) கட்டளையால் எழுதுபவர்கள், எது பென்டிரைவ் என்று டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். டிஸ்க் பெயரில் எழுத்து ஒன்று மாறினால் ஹார்ட் டிஸ்க்கே போய்விடும். பென்டிரைவின் பெயர் எஸ்டிபி (sdb) என்றால், அந்த முழு டிஸ்க்கில் எழுத வேண்டும். எஸ்டிபி1 என்று அதன் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் ஒரு பகுதியில்) எழுதினால் பூட் ஆகாது.

முதல் திரை: ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கு) பாஸ்வேர்டு கேட்கும் திரையைக் காலியாகவே விடுங்கள். அப்போதுதான் ரூட் கணக்கு பூட்டப்பட்டு, நீங்கள் உருவாக்கும் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகக் கட்டளைகளை இயக்கும் உரிமை, கிடைக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் அந்த உரிமை கிடைக்காது. டெபியனில் சூடோ வேலை செய்யவில்லை என்று வரும் கேள்விகளில் பாதிக்குக் காரணம் இதுதான் என்பேன்.

அடுத்தது பார்ட்டிஷன். எல்விஎம் (பார்ட்டிஷன் அளவுகளைப் பிறகும் மாற்ற உதவும் முறை) வழியைத் தேர்ந்தெடுத்தால், அதன் மொத்த இடமான வால்யூம் குரூப்பில் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று கேட்கும். முழு அளவும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். அதை அப்படியே ஏற்காதீர்கள். 500 ஜிபி டிஸ்க் என்றால் 60 ஜிபி கொடுத்து மீதியைச் சும்மா விடுங்கள். இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டத்தைப் பெரிதாக்குவது எளிது: எல்விஎக்ஸ்டெண்ட் (lvextend) கட்டளையில் மைனஸ் ஆர் (-r) சேர்த்தால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து வளரும். சுருக்க வேண்டுமென்றால் அன்மவுண்ட் செய்தாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்ற வேண்டும். ரூட் பார்ட்டிஷனை ஓடும்போது அன்மவுண்ட் செய்ய முடியாது, ஆகவே வேறு பென்டிரைவில் பூட் செய்து உட்கார வேண்டியதுதான்.

கடைசியாக மென்பொருள் தேர்வு. டெஸ்க்டாப்பும் க்னோம் என்ற அதன் திரைச் சூழலும் முன்பே டிக் ஆகியிருக்கும். ஸ்பேஸ் பாரால் அவற்றை எடுத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை டிக் செய்யுங்கள். இங்கே என்டர் தட்டினால் டிக் மாறாது, நிறுவல் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். க்னோம் ஏறிவிட்டால் மெமரி வீண் என்பது மட்டுமல்ல, சும்மா கிடக்கும் சர்வர் தானாக சஸ்பெண்ட் ஆகி எஸ்எஸ்எச் தொடர்பே கிடைக்காமல் போகலாம்.

ரீபூட் ஆனதும் உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) சர்வரில் ஏற்றுங்கள். பாஸ்வேர்டு லாகினை நிறுத்தும்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொன்றில் கீ மூலம் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். யுஎஃப்டபிள்யூ (ufw) என்ற ஃபயர்வால் போடுவதானாலும் எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி கொடுத்த பிறகே அதை இயக்குங்கள்.