முந்திக்கொள்ளும் தளிரும் பின்வாங்காத உறைபனியும்

பாரிஸின் வடக்குப் புறநகரில் குடியிருந்த காலத்தில், பருவம் மாறுவது என்பது கனத்த மேலங்கியை அலமாரியிலிருந்து எடுப்பதும் மறுபடி உள்ளே வைப்பதுமாகவே எனக்கு இருந்தது. ரயில் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே கல்லும் கண்ணாடியும் தாரும் தவிர வேறொன்றும் இல்லாத வழியில் நடந்துகொண்டிருந்தவனுக்கு, கோடையில் இரவு முழுவதும் சூட்டைக் கக்கும் அதே சுவர்கள்தாம் குளிர்காலத்தில் கடும் பனியை ஓரளவு தடுத்து நிறுத்துகின்றன என்பதுகூடத் தெரிந்திருக்கவில்லை. வேலையின் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே செய்யலாம் என்ற நிலை வந்தபின், 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பூர்கோஞ் பகுதியின் வடக்கே, ஷப்லி நகரை ஒட்டிய செரேன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிற்றூருக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தோம். இங்கு வந்தபிறகுதான் பருவம் என்பது உடையைப் பற்றிய செய்தியாக இல்லாமல், இன்ன வேலையை இன்ன வாரத்தில் செய்து முடித்தாக வேண்டும் என்ற கட்டளையாக என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலில் கண்ணில் பட்டது குளிர் அன்று, வெளிச்சம். நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இங்கோ அது ஏறக்குறைய எட்டு மணி நேரம். டிசம்பரில் எட்டே கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக இருக்கும் பகல், ஜூனில் பதினாறு மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறது. இந்தக் கணக்கு பாரிஸுக்கும் ஏறத்தாழப் பொருந்தும் என்றாலும், தெருவிளக்குகள் நள்ளிரவுக்கு முன்பே அணைக்கப்பட்டுவிடும் ஒரு சிற்றூரில்தான் அது உடம்புக்குத் தெரிகிறது. மார்ச் மாதத்தில் ஒவ்வொரு நாளும் மூன்றரை நிமிடம் போல வெளிச்சம் கூடிக்கொண்டே போகும்போது, நேற்று இருட்டில் சாத்திய கோழிக்கூண்டை இன்று வெளிச்சத்தில் சாத்துகிறோம் என்பதைக் கடிகாரம் பார்க்காமலேயே உணர முடிகிறது.

விறகும் அப்படித்தான். ஸ்டேர் என்ற கனமீட்டர் அளவில் விற்கப்படும் கருவாலி விறகை, வரப்போகும் குளிருக்காக மட்டும் வாங்கினால் போதாது. வெட்டிய மரம் நன்கு காய்ந்து அடுப்பில் புகையாமல் எரிய இரண்டு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், அதற்கடுத்த குளிருக்கும் இப்போதே அடுக்கி வைக்க வேண்டும். மே மாத வெயிலில் விறகு அடுக்குவது தொடக்கத்தில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஊரிலோ யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் பருவத்தைப் பற்றிய பேச்செல்லாம் கடைசியில் வந்து நிற்பது ஏப்ரல் மாத உறைபனியில்தான். சுற்றியுள்ள குன்றுகளின் சரிவெல்லாம் வெள்ளை ஒயினுக்கான ஷார்தொனே திராட்சை. அது சீக்கிரமே துளிர்க்கும் வகை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்து கனத்த காற்று சரிவில் மெல்ல வழிந்து ஆற்றோரப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டிலிருக்கும் தேவாலயத்தின் அருகே வெப்பமானி இரண்டு டிகிரி காட்டும் அதே விடியலில், பள்ளத்திலுள்ள எங்கள் தோட்டத்துப் புல் வெள்ளை பூத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கிக்கொள்ளும். பஞ்சு விலக்கிப் பச்சை காட்டத் தொடங்கிய மொட்டுக்கோ பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியே போதும், அந்த ஆண்டின் விளைச்சல் ஓரிரவில் கருகிவிடும்.

நாங்கள் வந்த முதல் வசந்தத்திலேயே, 2022 ஏப்ரல் தொடக்கத்தில், அந்தப் போராட்டத்தைப் பார்த்தேன். பாரஃபின் மெழுகு நிரப்பிய வாளி போன்ற தகரக் குவளைகளை ஹெக்டேருக்கு 300 முதல் 500 வரை வரிசைகளுக்கிடையே வைத்து, விடியலுக்கு முன் ஒவ்வொன்றாகப் பற்றவைக்கிறார்கள். இருட்டில் குன்று முழுவதும் எரியும் அந்தச் சுடர்களைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எரிப்பவர்களுக்கு அது அழகாக இருப்பதாகத் தெரியவில்லை. ஓர் இரவுக்கு ஆகும் மெழுகின் செலவையும், தொடர்ந்து மூன்று இரவுகள் பனி விழுந்தால் என்ன செய்வது என்பதையும் எண்ணி எண்ணி அவர்கள் முகம் இறுகிப்போயிருக்கும்.

இன்னொரு முறை இதைவிட விநோதமானது. உறைபனியிலிருந்து காக்க, துளிர்களின்மேல் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது தன்னுள் இருக்கும் வெப்பத்தை வெளியிடுவதால், கண்ணாடி போன்ற உறைக்குள் அகப்பட்ட மொட்டு பூச்சியம் டிகிரியை ஒட்டியே நின்று தப்பித்துக்கொள்கிறது. ஆனால் தெளிப்பதை நடுவில் நிறுத்தினால் காப்பே எமனாகிவிடும் என்பதால், வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகும்வரை நீர் விடாமல் ஓட வேண்டும். இதற்காகவே ஷப்லிக்குப் பக்கத்தில் உள்ள பேன் என்னும் ஊரில் ஒரு செயற்கை ஏரியை வெட்டி வைத்திருக்கிறார்கள். கோடையில் அதன் கரையில் உலாவுகிறவர்களில் பலருக்கு அது ஏப்ரல் மாதத்துக்காக வெட்டப்பட்டது என்று தெரியாது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற திராட்சை விவசாயி. தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டாலும், காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. மே மாதத் தொடக்கத்தில் சந்தையிலிருந்து தக்காளி நாற்றுகளோடு வந்த என் மனைவியைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும், மேடம், பனிப் புனிதர்கள் போகட்டும், அப்புறம் நடலாம்" என்றார். மே 11, 12, 13 ஆகிய நாட்களுக்குரிய மாமேர், பங்கிராஸ், செர்வே என்ற மூன்று புனிதர்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆண்டு இறுதியில் தபால்காரர் வீடு வீடாக விற்கும் நாட்காட்டியில் அந்த நாட்களுக்கு நேரே இப்போது எஸ்தெல், அஷீல், ரோலாந்து என்ற பெயர்கள்தாம் அச்சாகியிருக்கின்றன. ஆனாலும் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பழைய மூவரையே சொல்லி நாற்றைக் கொட்டகைக்குள் வைத்துக் காத்திருக்கிறார்கள். அதே வாரத்தில் புதுச்சேரியில் கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும். நாற்று உறைந்துவிடுமோ என்று நாங்கள் இங்கே அஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால், தொலைபேசியின் மறுமுனையில் அம்மா அதை நம்பவே மறுக்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சங்கடம் தோன்றியது. பருவம் மாறிவிட்டது, முன்போல் இல்லை என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் தலையாட்டுகிறேன். ஆனால் "முன்பு" எப்படி இருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? சில ஆண்டுகளாக மட்டும் இங்கே வாழ்கிறவன் காண்பது வானிலையைத்தான். பருவம் பிறழ்ந்ததைக் காண அதைவிட நீண்ட நினைவு வேண்டும். அந்த நினைவு என்னிடம் இல்லாததால், அதை அக்கம்பக்கத்தில் கடன் வாங்க வேண்டியிருந்தது. பெரியவரின் நோட்டுப் புத்தகங்களை ஒரு குளிர்கால மாலையில் அவர் அனுமதியோடு புரட்டினேன். மழையளவைவிட, ஓரத்தில் கிறுக்கியிருந்த குறிப்புகளே என்னைப் பிடித்து நிறுத்தின: முதல் தகைவிலான் வந்த நாள், லிலாக் பூத்த நாள், திராட்சை பறிக்கத் தொடங்கிய நாள். பழைய பக்கங்களில் பறிப்பு பெரும்பாலும் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ தொடங்குகிறது. அண்மைப் பக்கங்களில் செப்டம்பர் முற்பகுதியும், சில ஆண்டுகளில் ஆகஸ்டின் கடைசி நாட்களும் தென்படுகின்றன.

ஒரு மனிதரின் நோட்டுப் புத்தகம் அவர் வாழ்நாளோடு நின்றுவிடும். அதைவிட நீண்ட நினைவும் இதே பூர்கோஞில் இருக்கிறது. எங்களுக்குத் தென்கிழக்கே உள்ள போன் நகரத்தில், திராட்சை பறித்தவர்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்குகள், நகர மன்றத்தின் தீர்மானங்கள், பிற்காலச் செய்தித்தாள்கள் ஆகியவற்றிலிருந்து 1354ஆம் ஆண்டு தொடங்கி அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான அறுவடைத் தேதிகளை ஆய்வாளர்கள் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 1987 வரையில் சராசரியாகச் செப்டம்பர் 28ஆம் தேதி வாக்கில் தொடங்கிய அறுவடை, 1988க்குப் பிறகு ஏறக்குறைய பதின்மூன்று நாட்கள் முன்னதாகவே தொடங்குகிறது. கொள்ளைநோயும் போரும் புரட்சியும் வந்துபோன நூற்றாண்டுகளின் ஊடாகவும் யாரோ ஒரு கணக்கர் கூலியை நாள் தவறாமல் எழுதி வைத்ததால்தான் இதை இன்று நம்மால் அறிய முடிகிறது. வெப்பமானி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே பருவத்தை அளந்துவைத்தவை கூலிக் கணக்குகள் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வெயில் கூடுகிறதென்றால் உறைபனியின் தொல்லை குறைய வேண்டுமல்லவா என்றுதான் நானும் எண்ணினேன். நடப்பது அதற்கு நேர்மாறு. நாங்கள் குடிவந்த ஆண்டின் மார்ச் இறுதியில், பிரான்ஸின் பல பகுதிகளில் வெப்பம் 25 டிகிரியைத் தாண்ட, கொடிகளும் பழமரங்களும் வசந்தம் வந்துவிட்டதென்று துளிர்த்துவிட்டன. ஒரே வாரத்துக்குள், ஏப்ரல் முதல் பத்து நாட்களில், வடக்கிலிருந்து இறங்கிய குளிர்காற்று அந்தத் துளிர்களைக் கருக்கியது. திராட்சை மட்டுமன்றி ஆப்ரிகாட், செர்ரி, சர்க்கரை பீட்ரூட் என நாடெங்கும் இழப்பு. மத்திய பிரான்ஸின் திராட்சைப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, வோர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் என்னும் அறிவியலாளர் குழு அவ்வாண்டே செய்த ஆய்வு, குளிரலை தன்னளவில் முன்னைவிடக் கடுமை குறைந்தே வந்திருக்கிறது, ஆனால் துளிர்ப்பு அதைவிட வேகமாக முந்திவிட்டதால் துளிர்த்தபின் இத்தகைய உறைபனி தாக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடியிருக்கிறது என்று கண்டது. உறைபனி பின்வாங்கும் வேகத்தைவிடத் தளிர் முந்தும் வேகம் கூடிவிட்டதுதான் சிக்கல். "பனி அதே இடத்தில்தான் நிற்கிறது, கொடிதான் ஓடிப்போய் அதில் முட்டிக்கொள்கிறது" என்று பெரியவர் சொன்னது எனக்கு அந்த ஆய்வின் முடிவை எளிதாக விளக்கிவிட்டது.

கோடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அவை ஒன்றுபோல் இல்லை. 2022 ஜூலையில் நாடு முழுவதற்குமான சராசரி மழை 9.7 மில்லிமீட்டர், 1959இல் தொடங்கும் பதிவுகளில் அவ்வளவு வறண்ட ஜூலை வேறில்லை. புல்வெளிகள் வைக்கோல் நிறமாயின. தோட்டத்துக்குத் தண்ணீர் விடலாமா, எந்த நேரத்தில் விடலாம் என்பதை மாவட்ட ஆட்சியரின் ஆணையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இதுதான் இனி வழக்கம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டபோது 2024 வந்தது. ஈஸ்டர் விடுமுறையில் செரேன் ஆறு கரை புரண்டு ஷப்லியின் தெருக்களுக்குள் நுழைந்தது. ஏப்ரலில் மறுபடி உறைபனி. மே முதல் நாள், 'லில்லி ஆஃப் தி வேலி' எனும் சிறு வெண்மலர்க் கொத்துகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்தும் அந்த விடுமுறை நாளின் மாலையில், ஆலங்கட்டி மழை கொடிகளைப் பிய்த்துப் போட்டது. எஞ்சியவற்றை ஈரமான கோடையில் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டின் நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயலால் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்து புதுச்சேரி மூழ்கியபோது, தொலைபேசியில் நலம் விசாரிக்கும் முறை என்னுடையதாயிற்று.

எல்லா மாற்றமும் அழிவாகவே வருவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் பெரிய சாம்பல் நிறக் கொக்குகள் கூட்டங்கூட்டமாக வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் பறந்து போகின்றன. பார்ப்பதற்கு முன்பே அவற்றின் கரகரத்த கூப்பாடு கேட்டுவிடும். கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். முன்பெல்லாம் பெரும்பாலும் ஸ்பெயினை நோக்கிப் போய்விடும் இப்பறவைகளில், குளிர் மிதமாகிவிட்டதால் இப்போது பல ஆயிரம் பிரான்ஸிலேயே, ஷாம்பாஞ் பகுதியிலுள்ள டேர் ஏரியைச் சுற்றியே தங்கிவிடுகின்றன. கொக்கு தெற்கே போனால் குளிர் வந்துவிட்டது, திரும்பி வந்தால் போய்விட்டது என்று சொல்லிவந்தவர்களுக்கு, ஜனவரி நடுவில் கேட்கும் கூப்பாட்டை என்ன கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. எனக்கு அது மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வழக்கம் எனக்கில்லை.

பெரியவரின் மகன் இப்போது கவாத்து வெட்டுவதைத் தள்ளிப்போடுகிறார். ஜனவரியில் வெட்டிய கொடியைவிட மார்ச் இறுதியில் வெட்டியது சில நாட்கள் தாமதமாகத் துளிர்க்கும். அந்தச் சில நாட்களே சில ஆண்டுகளில் போதுமானதாக இருக்கும். ஆனால் எல்லாக் கொடிகளையும் மார்ச்சில் வெட்டி முடிக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால், பள்ளத்தில் இருக்கும் வரிசைகளை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்து மேட்டை முன்பே முடித்துவிடுகிறார். ஜனவரி 22இல் வரும் புனித வின்சென்ட் திருநாள் முடிந்ததும் கத்தரிக்கோலை எடுத்துப் பழகிய தந்தைக்கு இது பிடிக்கவில்லை. பிப்ரவரி முழுவதும் வெட்டாமல் நிற்கும் வரிசைகளைப் பார்க்கும்போதெல்லாம் சோம்பேறித்தனம் என்று முணுமுணுக்கிறார். இந்த ஆண்டு என் வீட்டுச் சுவரோரம் நிற்கும் பத்துப் பன்னிரண்டு கொடிகளையும் மார்ச் வரை தொடாதே என்று மகன் சொல்கிறார், உடனே வெட்டு என்று தந்தை சொல்கிறார். பாதியை அவர் சொன்னபடியும் மீதியை இவர் சொன்னபடியும் வெட்டி, எது எப்போது துளிர்க்கிறது என்று எழுதி வைப்பதற்காக நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன்.