ஸூப்பெவும் ஸபீயாவும்

மெக்சிகோவின் கெரேத்தாரோ நகரில் வேலை நிமித்தம் நான் குடியிருந்தபோது, எதிர்வீட்டு அம்மாவின் அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். புதன்கிழமை மாலை தெருமுனைக் கடையில் எனக்கு அந்தச் செய்தி தெரிந்தது. வியாழன் காலை அவரை வாசலில் பார்த்ததும், நேற்றுதான் தெரிந்தது என்று சொல்வதாக எண்ணிக்கொண்டு, "ஆயெர் லோ ஸபீயா" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நேற்றே உங்களுக்குத் தெரியுமா?" என்று ஸ்பானியத்தில் கேட்டார். நேற்றே தெரிந்திருந்தும் தெருவைக் கடந்து துக்கம் விசாரிக்க வராத மனிதராக நான் அவர் முன் நின்றுகொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற 13 வயது மகள்தான், "லோ ஸூப்போ ஆயெர், மமா" என்று திருத்தினாள். நேற்றுதான் அவருக்குத் தெரிய வந்ததாம், அம்மா. அந்த ஒரு சொல்லில் அவர் முகம் தெளிந்தது.

அன்றிலிருந்து, அறிதல் என்ற பொருளுள்ள 'ஸபேர்' என்ற அந்த ஒரே வினைச்சொல்லை அதன் எல்லாக் காலங்களிலும் முழுமையாகப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நூறு வினைகளை நிகழ்காலத்தில் மட்டும் தெரிந்துவைத்திருப்பதைவிட, ஒரு வினையை அதன் எல்லா வடிவங்களோடும் தெரிந்துவைத்திருப்பது மேல் என்பது இன்றும் என் உறுதியான எண்ணம். அப்படிப் படித்ததில் எனக்குக் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்பானிய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது பகர ஒலி மென்மையாக ஒலிக்கும் இடத்தில் ஒற்றைப் பகரத்தையும், வல்லினமாக ஒலிக்கும் இடத்தில் இரட்டைப் பகரத்தையும் இட்டிருக்கிறேன். ஸபீயாவில் இருப்பது மென்பகரம், ஸூப்பெவில் இருப்பது வன்பகரம். அழுத்தம் விழும் உயிரைப் பெரும்பாலும் நெடிலாக்கியிருக்கிறேன்.

நிகழ்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஸே என்றால் எனக்குத் தெரியும், ஸாபெஸ் என்றால் உனக்குத் தெரியும், ஸாபெ என்றால் அவருக்குத் தெரியும், ஸபேமோஸ் என்றால் நமக்குத் தெரியும், ஸாபென் என்றால் அவர்களுக்குத் தெரியும். ஸ்பெயினில் மட்டும் வழங்கும் முன்னிலைப் பன்மை வடிவம் ஸபேய்ஸ். மெக்சிகோவில் அந்த வடிவம் பேச்சில் இல்லை. அர்ஜென்டினாவில் 'நீ' என்பதற்கு வேறு சொல் இருப்பதால், அதே ஸாபெஸ் அழுத்தம் மாறி ஸபேஸ் ஆகிவிடும். வினையின் விகுதியே யார் என்பதைச் சொல்லிவிடுவதால் எழுவாயைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. 'வந்தேன்' என்றால் நான் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாத மொழியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இதே வினைக்குச் சுவைத்தல் என்ற பொருளும் உண்டு; சூப்பில் பூண்டு வாசம் தூக்கலாக இருந்தால் அது பூண்டாக 'ஸாபெ'. லத்தீனில் ஸப்பெரே என்ற மூலச்சொல்லே சுவை, அறிவு இரண்டையும் குறித்தது.

இறந்தகாலத்திற்கு வந்தவுடன் பகுதியே மாறிவிடுகிறது. ஸூப்பெ, ஸுப்பீஸ்தெ, ஸூப்போ, ஸுப்பீமோஸ், ஸுப்பியேரோன். ஸபேர் என்ற சொல்லில் உகரமே இல்லாதபோது இந்த உகரம் எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் குழம்பியிருக்கிறேன். லத்தீனில் இதன் இறந்தகால வடிவம் ஸப்புய். அதன் கடைசியிலிருந்த உகரம் காலப்போக்கில் இடம் பெயர்ந்து முதல் அசைக்குள் நுழைந்து அகரத்தோடு சேர்ந்தது. பழைய ஸ்பானியத்தில் அது ஸோப்பெ ஆகி, பின்பு ஸூப்பெ என்று நிலைபெற்றது. ஸேப்பா என்ற இன்னொரு வடிவத்தில் அகரம் ஏகாரமானதற்கும் இதே போன்ற இடப்பெயர்ச்சிதான் காரணம். அங்கே உள்ளே நுழைந்தது இகரம். விதிவிலக்கு என்று பாடப்புத்தகங்கள் பெட்டிக்குள் போட்டுக் காட்டும் வடிவங்களில் பல இப்படி ஒழுங்காக நடந்த ஒலி மாற்றங்களின் எச்சங்களே. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவற்றை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லாமல் போயிற்று.

இன்னொரு இறந்தகாலம் ஸபீயா, ஸபீயாஸ், ஸபீயா, ஸபீயாமோஸ், ஸபீயான். இதில் பகுதி மாறுவதில்லை, எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஒழுங்காக வருவதால் இதுவே எளிது என்று நினைத்து, இறந்தகாலம் என்றாலே இதை எடுத்துப் பேசிக்கொண்டிருந்ததுதான் நான் செய்த தவறு. ஸபீயா என்பது அறிந்திருந்த நிலையைச் சொல்கிறது. அந்த நிலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. ஸூப்பெ என்பது அறியாமை முடிந்து அறிவு தொடங்கிய அந்தக் கணத்தைச் சொல்கிறது.

நான் ஏன் தவறினேன் என்று யோசித்தபோது ஒன்று விளங்கிற்று. ஸ்பானியத்தை நான் ஆங்கிலப் புத்தகத்தின் வழியாகப் படித்திருந்தேன். ஆங்கிலத்தில் 'ஐ நியூ' என்ற ஒரே வடிவம் இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கும். ஆனால் தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. 'நேற்றே எனக்குத் தெரியும்' என்பது வேறு, 'நேற்றுதான் எனக்குத் தெரிந்தது' என்பது வேறு என்று பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். முதலாவது ஸபீயா, இரண்டாவது ஸூப்பெ. அன்று வாசலில் நின்று நான் தமிழிலிருந்து நேராக ஸ்பானியத்திற்குப் போயிருந்தால் அந்த அம்மாவின் முகம் அப்படி வாடியிருக்காது. இடையில் ஒரு மொழியை வைத்துச் சுற்றிப் போனதில் என் தாய்மொழியிலேயே இருந்த வேறுபாட்டை வழியில் தொலைத்துவிட்டேன்.

இதைக் கவனித்த பிறகு இன்னும் பல புலப்பட்டன. இறந்துபோன என் பாட்டியைப் பற்றிப் பேசும்போது, 'பாட்டிக்கு எல்லாத் தாலாட்டும் தெரியும்' என்றுதான் சொல்கிறேன். நடந்து முடிந்த காலத்தைப் பற்றிய பேச்சுதான். ஆனால் வினை எதிர்கால வடிவில் இருக்கிறது. 'சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பால்காரர் விடியலில் வருவார்' என்பதும் அப்படியே. கடந்த காலத்தில் வழக்கமாக இருந்ததை, தொடர்ந்து இருந்ததைச் சொல்லத் தமிழ் இந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஸ்பானியத்தில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஸபீயா வகை இறந்தகாலம்தான் வரும்: பாட்டிக்கு ஸபீயா, பால்காரருக்கு வெனீயா. கடந்ததைப் பற்றிப் பேசும்போது தமிழில் எங்கெல்லாம் வருவார், போவார், தெரியும் என்று நாக்கு தானாகப் போகிறதோ அங்கெல்லாம் ஸ்பானியத்தில் இந்த வடிவத்தை வைத்துப் பார்க்கலாம். எல்லா இடத்துக்கும் இது போதாது; 'பேசிக்கொண்டிருந்தார்' போன்றவையும் இதே வடிவத்துக்குள் வரும். ஆனாலும் நான் படித்த எந்த ஆங்கில விளக்கத்தையும்விட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

சில வாரங்கள் கழித்து அந்தச் சிறுமி தன் பள்ளி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் முழுவதும் அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள். அழுத்தக் குறிகள் மட்டும் சிவப்பு மையில். ஸபீயா இருந்த கட்டத்தின் தலைப்பில் என் புத்தகம் 'நிறைவுறாத இறந்தகாலம்' என்று சொன்ன இடத்தில், அவள் 'கோப்ரெத்தேரிதோ' என்று எழுதியிருந்தாள். உடன்-இறந்தகாலம் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இந்தப் பெயரைத் தந்தவர் ஆந்த்ரேஸ் பெய்யோ. 1781இல் வெனிசுவேலாவின் காரகாஸில் பிறந்து, சிலியில் வாழ்ந்து, சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர். வினையின் காலங்களைப் பற்றியே 1841இல் தனியாக ஒரு நூல் வெளியிட்டார்; 1847இல் அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயன்பாட்டுக்கென்றே ஸ்பானிய இலக்கணம் ஒன்றையும் எழுதினார். ஸ்பானியத்தின் முதல் இலக்கணத்தை ஆந்தோனியோ தே நெப்ரிஹா 1492இல் சலமான்காவில் வெளியிட்டு அப்போது மூன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது.

பெய்யோவின் கருத்து இதுதான்: ஒவ்வொரு காலப்பெயரும் எதற்கு முன், எதற்குப் பின், எதோடு உடன் என்பதைச் சொல்லவேண்டும். இறந்தகாலத்து நிகழ்ச்சி ஒன்றோடு உடன் இருந்தது கோப்ரெத்தேரிதோ. 'நான் போனபோது அவருக்குத் தெரிந்திருந்தது' என்றால், போனது ஒரு புள்ளி, தெரிந்திருந்தது அதோடு உடன் இருந்த நிலை. 'நிறைவுறாத' என்ற பெயர் எது நிறைவுறவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. 'உடன்' என்ற பெயர் வேலையைச் செய்கிறது. ஸ்பானிய மொழிக்கான ராயல் அகாதமி 2009இல் வெளியிட்ட பெரிய இலக்கணத்தில் இரண்டு பெயர்களும் அருகருகே இருக்கின்றன. எனக்கு நோட்டில் இருந்த பெயரே பிடித்திருக்கிறது.

அதே முறையில் ஸப்ரீயா என்ற வடிவத்துக்கு அவள் எழுதியிருந்த தலைப்பு போஸ்ப்ரெத்தேரிதோ, பின்-இறந்தகாலம். கடந்த காலத்தில் நின்று முன்னோக்கிப் பார்த்தால் தெரிகிற எதிர்காலம் அது. 'மறுநாள் தெரிந்துவிடும் என்று சொன்னார்' என்பதை ஸ்பானியத்தில் சொல்லும்போது அந்தத் 'தெரிந்துவிடும்' வெறும் எதிர்காலமான ஸப்ரா ஆகாது, ஸப்ரீயா ஆகும். இங்கே தமிழ் எனக்குத் துணை வரவில்லை. நாம் 'என்று' என்ற சொல்லை வைத்து மற்றவர் சொன்னதை அவர் சொன்னபடியே கொடுத்துவிடுகிறோம். ஸ்பானியமோ சொல்பவர் இன்று நிற்கும் இடத்திலிருந்து காலத்தை மாற்றி அளக்கிறது. இந்த ஓர் இடத்தில் எனக்குப் பழக்கம் வருவதற்கு ஒரு வருடம் பிடித்தது.

இந்த வடிவம் பிறந்த கதையும் பொருளுக்கு ஒத்ததாகவே இருக்கிறது. ஸப்ரே என்ற எதிர்காலம், ஸபேர் என்ற முழு வினையோடு 'கொண்டிருத்தல்' என்ற பொருளுள்ள துணைவினையின் நிகழ்கால வடிவம் ஒட்டிக்கொண்டதால் வந்தது. நடுவிலிருந்த எகரம் தேய்ந்துவிட்டது. அதே துணைவினையின் உடன்-இறந்தகால வடிவம் ஒட்டியபோது ஸப்ரீயா வந்தது. ஆகவே ஸப்ரீயாவின் வாலில் இருக்கும் 'ஈயா', ஸபீயாவில் இருப்பதேதான். முன்பகுதி எதிர்காலம், வால் இறந்தகாலம்: கடந்த காலத்தின் எதிர்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை யாரும் செய்திருக்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

ஸப்ரா என்ற எதிர்காலம் மீண்டும் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 'யா லோ ஸப்ரா' என்றால் வரப்போவதைப் பற்றிய பேச்சு அல்ல. 'இந்நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும்' என்ற ஊகம். மணி என்ன என்று கேட்டால் நாம் 'பத்து இருக்கும்' என்கிறோம், அவர்களும் எதிர்காலத்தில்தான் ஊகிக்கிறார்கள்.

ஏ ஸபீதோ என்ற முடிவுற்ற நிகழ்காலத்தை மெக்சிகோவில் இந்தப் பொருளில் அதிகம் கேட்கவில்லை. ஸ்பெயின்காரர்கள் இன்று காலை தெரிந்த செய்திக்கு அதைச் சொல்வார்கள். மெக்சிகோவில் அதற்கும் ஸூப்பெதான்.

ஸேப்பா என்ற வடிவம் எல்லோரும் அஞ்சும் பகுதி. உண்மையென்று அறிவிக்காமல் விருப்பமாக, ஐயமாக, எல்லைக்கு உட்பட்டதாகச் சொல்லும்போது வரும் வடிவம் அது. எனக்கு அதைக் கற்றுத்தந்தது 'கே யோ ஸேப்பா' என்ற சிறு தொடர். 'எனக்குத் தெரிந்தவரை' என்பது அதன் பொருள். எனக்குத் தெரியும் என்று உறுதி சொல்லாமல், தெரிந்த அளவை மட்டும் முன்வைக்கும் அடக்கம் அந்த ஒற்றை வடிவ மாற்றத்தில் இருக்கிறது. தெரியாத ஒன்றைப் பற்றி, 'தெரிந்தால் சொல்ல மாட்டேனா' என்பது போன்ற வாக்கியங்களில் இதன் இறந்தகாலமான ஸுப்பியேரா வரும். ஸுப்பியேஸெ என்றும் சொல்லலாம். ஸுப்பியேரெ என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. பேச்சிலிருந்து மறைந்து, பழமொழிகளிலும் சட்ட எழுத்திலும் மட்டும் அந்த வகை தங்கிவிட்டது. சிறுமியின் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மெக்சிகோவில் இறந்தவருக்காக 9 நாள் மாலையில் ஜெபமாலை சொல்வார்கள். அந்த வியாழக்கிழமைக்குப் பின் மீதமிருந்த நாள்களெல்லாம் நானும் எதிர்வீட்டுக்குப் போனேன். கடைசி நாள் ஜெபம் முடிந்து, பட்டை போட்டுக் காய்ச்சிய காப்பியை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்த அந்த அம்மா, என் கையில் கோப்பையை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். ஸூப்போ என்றுதான் கேட்டார். "லோ ஸூப்பெ என் லா தியேந்தா" என்றேன். கடையில் தெரிந்தது. அவர் தலையசைத்துவிட்டு, கடைக்காரர் தன் அண்ணனோடு பள்ளியில் படித்தவர் என்று சொல்லத் தொடங்கினார்.