தண்ணீர் தெளிக்கச் சொன்னது நான்தான்

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது, வெளிநாட்டு வேலைக்குப் போன என் பழைய ஐ.டி.ஐ. மாணவனிடமிருந்து. பதினெட்டு வினாடி. "சார், நல்லா இருக்கீங்களா? இங்க ரிஃபைனரி ஷட்டவுன் வேலைக்கு எங்களை எடுத்திருக்காங்க. உள்ள விடுறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சேஃப்டி கிளாஸ். இன்னிக்கு ஆஸ்பெஸ்டாஸ் பத்தி நடத்துனாங்க சார். நம்ம இஞ்சின் ஞாபகம் வந்துச்சு." கடைசியில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்பு எந்த ரகம் என்று கண்டுபிடிக்க நான் அதை எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் வீட்டில் பயந்துவிடுவார்கள்.

எங்கள் இஞ்சின் ஓடப்போவதில்லை என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். பழைய மீட்டர்கேஜ் நீராவி ரயில் இஞ்சின், ஒய்.பி. ரகம். காட்சிக்கு வைக்கத்தான் புதுப்பித்தோம். ஒரு துண்டுத் தண்டவாளத்தின் மேல் கௌரவமாக நின்றால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான், என் ஐ.டி.ஐ. பையன்கள் ஏழெட்டுப் பேர், லோகோ ஷெட்டில் பாய்லர் மேக்கராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். யாருக்கும் சம்பளம் கிடையாது, மதியம் மீன் குழம்பு உண்டு. நம் கடற்கரையில் இரும்பை வைத்துக் காப்பாற்றுவது என்ன பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1914ல் திறந்த பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலே நின்றுபோனதில் அரிப்புக்கும் பங்கு உண்டு. உப்பு பெயின்டுக்கு மேலே வேலை செய்யாது, அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யும்.

அதனால்தான் தகட்டைக் கழற்றச் சொன்னேன். வெளியே தெரிகிற பளபளப்பான உருளை பாய்லர் அல்ல, பாய்லருக்குப் போர்த்திய மெல்லிய தகடு. இரண்டுக்கும் நடுவில் சூடு வெளியேறாமலிருக்க ஒரு கனமான பூச்சு இருக்கும். மழைத்தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி, தகடு உள்பக்கமிருந்து ஓட்டையாகத் தொடங்கியிருந்தது. மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருந்தால் இரண்டு வருடம் தாங்கியிருக்கும். அப்படிச் செய்வது வேலையில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன் என்பதுதான் சிக்கல்.

போல்ட் எதுவும் அசையவில்லை. உளி வைத்து வெட்டித்தான் எடுத்தோம். முதல் தகடு விழுந்ததும் உள்ளே வெள்ளை. காய்ந்த கண்மாய்ச் சேறு மாதிரி வெடிப்பு விட்டிருந்தது. ஒரு துண்டை எடுத்து ஒடித்தேன். சுண்ணாம்பு என்றால் பட்டென்று உடையும். இது உடையாமல் நார் நாராகப் பிரிந்தது. எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

தெரிந்துவிட்டது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்குத் தெரிந்ததா, சந்தேகமாக இருந்ததா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பையன்கள் உளியும் கம்பி பிரஷுமாக ஏறிவிட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லாருடைய கண்ணிமையிலும் வெள்ளை. ஒருத்தன் முகத்தைப் பார்த்து இன்னொருத்தன் "தாத்தா வாராரு" என்று சிரித்தான். அப்போதுதான் இந்தப் பையன், குரல் பதிவு அனுப்பினானே அவன், மேலேயிருந்து கேட்டான்: "சார், நீங்க கிளாஸ்ல சொன்னீங்களே, ஆஸ்பெஸ்டாஸ். அது இதா?"

ஆமாம், கிளாஸில் சொல்லியிருந்தேன். ஒர்க்‌ஷாப் பாதுகாப்புப் பாடத்தில் வருகிற வரி: ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கல்நார், அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன், இரண்டு மார்க். இவன் முழு மார்க் வாங்கினவன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியவர்ட்ட கேளு."

பொய் சொல்லவில்லை என்று பல நாள் இதை வைத்துத்தான் சமாளித்தேன். அந்த வேலையில் என்னைவிட அவருக்குத்தானே அனுபவம்? தெரிந்தவரைக் கேள் என்பதில் என்ன தப்பு? ஆனால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அவரிடம் அனுப்பினேன்.

பெரியவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்தார். ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். "கல்நார்தான் அப்பு இது. மூட்டையில பொடியா வரும். தண்ணி ஊத்திப் பிசைஞ்சு வெறுங்கையால பூசுவோம். காஞ்சதைப் பேத்து எடுக்குறதும் நாங்கதான். முப்பது வருசம். என்னையப் பாரு, எனக்கு என்ன ஆச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தகட்டைப் பார்த்தேன். அப்புறம் பிரஷ் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

பெரியவருக்கு இருமல் உண்டு, பீடியால் வந்தது என்பார். பீடியாகவும் இருக்கலாம்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி கடைசி அது. வாடை மழை எந்த நாளும் இறங்கலாம். பாதி உரித்த பாய்லரை அப்படியே விட்டால் அந்தப் பூச்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரித்துவிடும். முறையாகச் செய்கிற ஆட்களைக் கூப்பிட எங்களிடம் பணமில்லை. ஒரே ஒரு நாள் வேலை, அதுவும் கடற்கரையில், திறந்த வெளியில், காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிற இடத்தில். நம் ஊரில் பாதி வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். என் ஒர்க்‌ஷாப் கூரையே அதுதான். நம் நாட்டில் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கூரை போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

கூரை நியாயம் செல்லாது என்று எனக்கே தெரியும். ஷீட்டில் நார் சிமென்டோடு கட்டுண்டு கிடக்கிறது. பெரும்பாலும் உடைத்தால், துளை போட்டால், அறுத்தால்தான் வெளியே வரும். பாய்லர் பூச்சு கையால் நசுக்கினாலே பொடியாகிற சரக்கு. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளையைக் கழுவிவிடலாம். தெரியாத ஊசிதான் நுரையீரலுக்குள் போய்த் தங்குகிறது. காற்று நியாயமும் செல்லாது. சோளகம் அடங்கி வாடை இன்னும் கிளம்பாத இடைப்பட்ட நாள் அது. பனை ஓலைகூட அசையவில்லை. வெயிலில் அந்தத் தூசி எங்கள் தலைக்கு மேலேயே நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பதினொரு மணி வாக்கில் நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தெளித்துத் தெளித்துச் சுரண்டச் சொன்னேன். கைக்குட்டையை மூக்கில் கட்டச் சொன்னேன். "தூசி அடங்கட்டும்டா" என்றேன். காரணம் அவ்வளவுதான் சொன்னேன். ரொம்ப நாளாக இதை என் பக்கத்து சாட்சியாக நினைத்திருந்தேன்: பார், அக்கறையோடுதானே இருந்தேன்! இந்தக் குரல் பதிவு வந்த பிறகுதான் அது எந்தப் பக்கத்து சாட்சி என்று உறைக்கிறது. தெரியாதவன் எதற்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லப்போகிறான்?

தெளிப்பது சரி, ஆனால் உளி படுவதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டிருக்க வேண்டும். கைக்குட்டை இந்த நாருக்கு மீன்வலை மாதிரி, கொசு நுழைவதுபோல நுழைந்துவிடும். வடிகட்டி வைத்த சரியான மாஸ்க் வேண்டும். அன்றைக்குப் போட்ட துணி வீட்டுக்கே போகக்கூடாது. எங்கள் பையன்கள் அதே சட்டையோடு பஸ் ஏறினார்கள். அதைத் துவைத்தது யார் என்று நான் யோசித்ததே இல்லை. உரித்ததை உர மூட்டைகளில் கட்டி, பெரியவர் சொன்ன இடத்தில், தோப்புக்குப் பின்னால் மணலில் குழி வெட்டிப் புதைத்தோம். மணல் ஒரே இடத்தில் இருக்கிற ஊரா நம் ஊர்?

இத்தனையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதிக்கு மேல் அந்த இரண்டு மார்க் பாடத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு துண்டை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். சோதனைச்சாலைக்கு அனுப்புவதற்காக எடுத்தது. அனுப்பவில்லை. பெரியவர் வாயால் சொன்னதோடு சரி. ஒருவேளை அவர் ஞாபகப் பிசகாகச் சொல்லியிருந்தால் என்கிற ஒரு இண்டு எனக்கு இன்னமும் தேவைப்படுகிறது போலும்.

இந்த நாரால் வருகிற புற்றுநோய் வெளியே தெரிய இருபது முதல் ஐம்பது வருடம்கூட ஆகுமாம். அவனுக்கு அப்போது பத்தொன்பது. கணக்குப் போட்டால் நாற்பதை நெருங்குகிற வயதிலோ அதற்குப் பிறகோ. நான் இருக்கமாட்டேன். ஒரு நாள் பட்டதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மைதான். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று எந்த டாக்டரும் சொல்லக்கூடும். ஆனால் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு கோடும் யாரும் போட்டுத் தரவில்லை. பெரியவர் வாழ்நாள் முழுக்கப் பூசியதை நாங்கள் ஒரே பகலில் உரித்தோம். அவரைக் கேட்க யாருமில்லை. பையன் என்னைக் கேட்டான்.

இஞ்சின் நன்றாக வந்தது. பாய்லர் இரும்புக்கு முதல் பூச்சு இரண்டு கை, புதுத் தகடு, பித்தளைப் பட்டை. இத்தனை வருட உப்புக்கும் அது கொப்பளிக்கவில்லை. அந்தப் பக்கம் போனால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் வரமாட்டேன். பெருமை குறைந்தபாடில்லை, அதையும் மறைக்க வேண்டாம்.

பதிலுக்கு வருகிறேன். முதலில் ஒரு நீளமான பதிவு பேசினேன், அழித்தேன். மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று சொல்ல வேண்டும். சொன்னால், அயல்நாட்டு வேலையில் தனியாகக் கிடப்பவன் ராத்திரி தூங்குவானா? அல்லது, நான் தூங்குவதற்காக அவனை எழுப்புகிறேனா? கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பப் பார்த்தேன், கை வரவில்லை. கடைசியில் யோசித்தேன்: அவனுக்கு உண்மையில் பயன்படுகிற சங்கதி என்று ஒன்று இருந்தால் அது என்ன? கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரலுக்குக் கேடு பல மடங்கு என்கிறார்கள். சரி என்று நான்கு நாள் கழித்து எழுதினேன்: "சந்தோசம்டா. நல்லாக் கவனிச்சுக் கேளு. சிகரெட் பழக்கம் ஏதும் இருக்கா?"

உடனே பதில் வந்துவிட்டது.

"இல்ல சார். ஏன் சார்?"

நான் படித்துவிட்டேன் என்று அவனுக்கு நீலத்தில் தெரிந்திருக்கும். இன்றோடு ஒன்பது நாள்.