வீட்டுப் பெட்டியில் கிடைத்த நேதாஜி படம்: அசல்தானா என்று பார்ப்பது எப்படி?

கடையநல்லூர், தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சிங்கப்பூர், மலாயா, ரங்கூன் போய்த் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுத் தகரப் பெட்டிகளில் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) காலத்து நேதாஜி படம் ஒன்று கிடைப்பது அதிசயமில்லை. "எங்க தாத்தா அவருக்குப் பின்னால நிக்காருல்லா" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். அப்படி வரும் படங்களை நாங்கள் எந்த வரிசையில் சோதிக்கிறோம், எங்கே ஏமாற வாய்ப்பிருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறோம்.

"இது அசலா, போலியா?" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தக் காட்சி நடந்ததுதானா? இந்தத் தாள் அந்தக் காலத்தில் பிரிண்ட் போட்டதா? படத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஊர், தேதி, ஆள் சரிதானா? நம் வட்டார வீடுகளில் உள்ள படங்களில் பெரும்பாலும் காட்சி உண்மையாக இருக்கும், தாள் பிற்காலத்துக் காப்பியாக இருக்கும், குறிப்புதான் தப்பாக இருக்கும். ஏமாற்றுவதற்கென்றே செய்த படம் அபூர்வம். ஆகவே எடுத்த எடுப்பில் "போலி" என்று அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

நேதாஜியின் முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதல் வேலை தாளில்.

சட்டம் போட்ட படமானால் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். குற்றாலச் சாரல் படும் ஊர்களில் ஈரம் ஏறி, படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஒட்டியிருந்தால் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள், பிரிக்க வேண்டாம்.

அடுத்தது வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது போட்டோவே இல்லை. பத்திரிகையிலோ சிவகாசிக் காலண்டரிலோ அச்சானது. வரிசையில்லாமல் பல நிறத் துளிகள் சிதறிக் கிடந்தால் இன்க்ஜெட் பிரிண்ட். அசல் போட்டோவில் கறுப்பிலிருந்து சாம்பலுக்குப் புள்ளியில்லாமல் நிறம் இறங்கும். இருண்ட பகுதிகளிலும் ஓரங்களிலும் சாய்த்துப் பார்த்தால் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு தெரிவது பழைய பிரிண்டுக்கு நல்ல அடையாளம்.

காப்பி படத்தைப் பிடிக்க எங்களுக்கு அதிகம் கைகொடுப்பது டார்ச்தான். இருட்டு அறையில் படத்தை மேசையில் வைத்து, டார்ச்சைத் தாள் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நேதாஜியின் தோளுக்குக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு வெள்ளையாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு இந்தத் தாளில் விழுந்ததானால் கோட்டோரம் நிழல் விழும். கோடு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அந்த இடம் வழவழவென்று நிழலே இல்லாமல் இருக்கிறது என்றால், மடிந்தது வேறொரு தாள். அதைக் கேமராவில் எடுத்துப் போட்ட காப்பி இது.

பிறகு புற ஊதா டார்ச். 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 395 என்று விற்கும் மலிவு டார்ச்சில் ஊதா வெளிச்சமே தாளில் விழுந்து எல்லாம் மின்னுவதுபோல் காட்டும். பக்கத்தில் ஒரு ஏ4 தாளை வைத்து ஒப்பிடலாம். போட்டோத் தாளை வெளேரென்று காட்டும் ரசாயனம் சேர்ந்தது 1950-களில்தான். ஆகவே படத்தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது யுத்தகாலத் தாள் அல்ல. பசை, சோப்புத்தூள் பட்ட கறை இவையும் ஒளிரும் என்பதால் கறையில்லாத ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழசு என்று முடிவுகட்டவும் முடியாது. அந்த ரசாயனம் இல்லாத தாள்கள் பின்னாலும் வந்தன.

பின்பக்கம் ஒரு பொக்கிஷம். ஸ்டுடியோ முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. "நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்" என்றிருந்தால் 1986-க்கும் 1997-க்கும் இடைப்பட்டது. "நெல்லை" என்பதில் உள்ள லை யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; அச்சில் இன்றைய வடிவம் பரவியது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு. பெரியாரின் ஏடுகள் 1935 முதலே புது வடிவத்தில் வந்ததையும், பெரியவர்கள் கையெழுத்தில் பழைய வடிவம் வெகுகாலம் நீடித்ததையும் மறக்கக் கூடாது. ஜப்பானியர் கைக்குள் இருந்தபோது சிங்கப்பூரின் பெயர் சியோனான். ஆண்டை ஜப்பானியக் கணக்கில் 2603, 2604 என்று போட்டிருந்தால் 660 கழித்துக்கொள்ளுங்கள், 1943, 1944 வரும். 1972-ல் மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் வந்தது. விண்ணப்பத்துக்காக அப்போது பல வீடுகளில் பழைய படங்களைக் காப்பி எடுத்திருக்கக்கூடும். எனவே பென்ஷன் ஃபைலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனிதான் காட்சி. நேதாஜி கல்கத்தா வீட்டிலிருந்து தப்பியது 1941 ஜனவரி. ஹிட்லரைச் சந்தித்தது 1942 மே. அப்போது ராணுவ உடையில் இல்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கியில் கிளம்பி, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலை 2-ல் சிங்கப்பூர் சேர்ந்தார். ஜூலை 5-ல் படாங் மைதானத்தில் அணிவகுப்பை ஏற்றார். ஐ.என்.ஏ. சீருடையில் ஹிட்லருக்குக் கை கொடுக்கும் படம் வந்தால் அது ஒட்டு வேலை.

நம் பக்கம் அடிக்கடி வருவது சீருடையில் நேதாஜி போஸும் முத்துராமலிங்கத் தேவரும் அருகருகே நிற்கும் படம். போஸ் மதுரைக்கு வந்தது 1939 செப்டம்பரில். தேவர் 1940 முதல் 1945 வரை சிறையில் இருந்தார். ஐ.என்.ஏ. சீருடையில் போஸ் தேவரோடு நின்றிருக்க வழியே இல்லை. பக்தியோடு சேர்த்து அச்சிட்ட படம் அது. ஆனால் இந்தியாவில் சீருடையோடு போஸ் நிற்கும் படமெல்லாம் ஒட்டு என்று தள்ளிவிடக் கூடாது. 1928 டிசம்பர் கல்கத்தா காங்கிரசில் தொண்டர் படைத் தலைவராக முழு ராணுவ உடையில் வந்தார். அந்தப் படங்கள் உண்மையானவை.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சட்டைப் பொத்தான் போதும். ஆண்கள் உடுப்பில், போட்டிருப்பவரின் இடது பக்கத் துணி மேலே வரும். மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோ டச்சிங்கை லென்ஸில் பார்த்தால், கண், மீசை, மெடல் மேல் தூரிகைக் கோடு தனியாக நிற்கும். அதை மோசடி என்று சொல்ல முடியாது, தெளிவுக்காகச் செய்தது. வெட்டுதான் ஆபத்தானது. 1940-ல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் அருகே சர்ச்சில் டாமி துப்பாக்கியோடு நின்ற படம் அசல். பக்கத்தில் இருந்தவர்களை வெட்டிவிட்டு அவரைக் கொள்ளைக்காரனாகக் காட்ட ஜெர்மன் பிரசாரம் அதைப் பயன்படுத்தியது. நாலு பக்க வெள்ளை ஓரமும் முழுசாக இருக்கிறதா என்று அதனால்தான் பார்க்கிறோம்.

கடைசியாக 600 டிபிஐ-யில் இரு பக்கமும் ஸ்கேன். முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் பக்கமே போகாதீர்கள். அவை இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்துவிடும், அப்புறம் தாத்தா முகத்தை ஒப்பிட முடியாது. கூகுள் லென்ஸில் முழுப் படத்தையும், பின்னணியை மட்டும் வெட்டியும் தேடுங்கள். கொல்கத்தா நேதாஜி ஆய்வகம், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் ஆகியவற்றின் படங்களோடு ஓரங்களை ஒப்பிடுங்கள். உங்கள் பிரதியில் அவர்களுடையதைவிட ஓரத்தில் அதிகம் தெரிந்தால், காப்பியே ஆனாலும் அதைக் காப்பகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். வெட்டாத மூலத்திலிருந்து வந்தது அது.

முடிவைப் படத்தின் முதுகில் எழுதாமல் தனிச் சீட்டில் மூன்று வரியாக எழுதுகிறோம். காட்சி: படாங், 1943 ஜூலை. தாள்: 1972-க்குப் பிந்தைய காப்பி. பின்வரிசை இடமிருந்து மூன்றாமவர்: குடும்பத்தார் சொல்வது, வேறு சான்று இல்லை.