நடுக்கோட்டில் ஒரு நீர்க்கட்டி

8 ஜனவரி 2024, பாளையங்கோட்டை

வலது விலாவுக்குக் கீழே மூன்று நாளாகப் பிடித்திழுத்த வலி சிறுநீரகக் கல்லாகத்தான் இருக்கும் என்று எண்ணி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக் காத்திருந்து இன்று ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரி, புராஸ்டேட் சுரப்பியின் நடுக்கோட்டில் 9-க்கு 7 மி.மீ. அளவில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாகவும், சுரப்பியின் கொள்ளளவு 28 சி.சி. என்றும் சொன்னது. கறுப்புக் கொண்டைக்கடலை ஒன்றின் அளவுதான். என் மனைவியோ 'கட்டி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். தமிழில் இது ஒரு தொல்லை. சீழ் வைத்ததும் கட்டி, கொழுப்புத் திரண்டதும் கட்டி, புற்றுநோயும் கட்டி. முன்னால் நான் சொன்ன 'நீர்' அவள் காதில் விழவே இல்லை.

12 ஜனவரி 2024

சிறுநீரகவியல் மருத்துவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதன் பின்பக்கத்திலேயே படம் வரைந்து விளக்கினார். மேலே சிறுநீர்ப்பை, அதன் கழுத்தைச் சுற்றிப் பெரிய நெல்லிக்காய் போலப் புராஸ்டேட், அதன் நடுவே சிறுநீர்க்குழாய். கருவின் தொடக்க வாரங்களில் ஆண், பெண் இரு பாலாருக்கும் முல்லேரியன் நாளம் என்ற ஒரு குழாய் இணை உண்டாம். பெண் கருவில் அது கருப்பையாகவும் கருக்குழாய்களாகவும் வளர, ஆண் கருவில் விரைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன் அதைக் கரைத்துவிடுகிறது. கரையாமல் எஞ்சும் சிறு பகுதியில் நீர் தேங்கினால் அது சரியாக நடுக்கோட்டில் வரும். பக்கவாட்டில் வருபவை பெரும்பாலும் சுரப்பியின் நுண்குழல்கள் அடைபட்டு உண்டாகும் தேக்கக் கட்டிகள். 1830-ல் இந்த நாளத்தை விவரித்த ஜெர்மானிய உடலியல் அறிஞர் யோகன்னஸ் முல்லரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கருப்பைக்குச் சேரவேண்டிய மிச்சம் ஒன்றை ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறேன் என்பதை வீட்டில் சொன்னபோது, மனைவி நான்கு நாளுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

ஆசனவாய் வழியே விரலால் சோதித்ததில் சுரப்பி மிருதுவாக, முடிச்சு எதுவும் இல்லாமல் இருப்பதாகச் சொன்னார். அரை நிமிடச் சங்கடம்தான்.

19 ஜனவரி 2024

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் முடிவு வந்தது: ஒரு மி.லி.க்கு 1.3 நானோகிராம். வழக்கமாக 4 வரை என்பதை ஓர் எல்லையாகக் கொள்கிறார்கள். வயதுக்கேற்ப அதையும் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுண்டு. சோதனைக்கு முன் இரண்டு நாள் உடலுறவும் சைக்கிளும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டுமே எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டக்கூடும். சிறுநீர்த் தொற்று இருந்தால் இன்னும் ஏறும். நான் தெளிவாக்கிக்கொண்ட ஒரு விஷயம், பி.எஸ்.ஏ. நீர்க்கட்டியின் அளவுகோல் அல்ல என்பது. இந்த வயதில் எப்படியும் பார்க்கவேண்டிய புற்றுநோய்க் கேள்வி வேறு, கடலையளவு நீர் வேறு. இரண்டும் ஒரே தாளில் வந்ததால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

3 மார்ச் 2024

சிறுநீர் கழிக்க இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறேன். பழி உடனே நீர்க்கட்டியின் மேல் விழுந்தது. மருத்துவர் தந்த ஏழு கேள்விப் படிவத்தை நேர்மையாக நிரப்பினேன். 35-க்கு 6 வந்தது. 7 வரை இலேசான தொந்தரவு என்றுதான் கணக்கு. ஒன்பது மணிக்குக் குடிக்கும் காபியை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்ததில் ஒரு முறையாகக் குறைந்துவிட்டது.

14 ஜூலை 2024, மதுரை

மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், ஆறு மாதம் ஆயிற்றே என்று அவள் வற்புறுத்த, இங்கேயே ஒரு ஸ்கேன் எடுத்தோம். 11-க்கு 8 மி.மீ. "வளர்ந்திருக்கே மாமா, எம்.ஆர்.ஐ. எடுத்துடலாம்" என்கிறார் மருமகன். இரவு முழுவதும் எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

விடியற்காலையில்தான் சர்வேயர் புத்தி திரும்பியது. முப்பத்தொரு ஆண்டு நிலம் அளந்தவன் நான். ஒரே வரப்பை இரண்டு பேர் அளந்தால் இரண்டு அளவு வரும் என்று எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன்! இரண்டு படங்களையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அளக்கும் இடத்தை இரண்டு சிறிய கூட்டல் குறிகள் காட்டுகின்றன. முதல் படத்தில் அவை நீர் தெரியும் கறுப்பின் உள்விளிம்பிலும், இதில் வெள்ளைச் சுவருக்கு வெளியேயும் நிற்கின்றன. இதைவிடப் பெரிய சாட்சி சுரப்பியின் கொள்ளளவு. அதுவும் 28-லிருந்து 32 சி.சி. ஆகியிருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்குவதே அந்தக் கணக்கு. மூன்று அளவும் ஏறத்தாழ 2 மி.மீ. கூடும்படி தள்ளிக் குறி வைத்தாலே 28 என்பது 32-ஐ எட்டிவிடும். ஆளும் கருவியும் வேறு; சிறுநீர்ப்பையும் அன்றுபோல் நிரம்பியிருக்கவில்லை.

2 ஆகஸ்ட் 2024, பாளையங்கோட்டை

மருத்துவரிடம் இரண்டு படங்களையும் நீட்டினேன். "அளவுல ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்னா அதை வளர்ச்சின்னு எடுத்துக்க மாட்டோம் சார்" என்றார். என் சந்தேகம் தீரட்டும் என்று, ஆசனவாய் வழியாக எடுக்கும் ஸ்கேனை ஒருமுறை செய்துகொள்ளச் சொன்னார். சுரப்பிக்கு மிக அருகிலிருந்து பார்ப்பதால் படம் தெளிவாக இருக்குமாம்.

இடப்பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடித்துப் படுத்தபடி, தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தேன். சாம்பல் நிறச் சுரப்பியின் நடுவே மசித்துளி போல ஒரு கறுப்பு. அதன் கூரிய முனை சிறுநீர்க்குழாயை நோக்கியிருந்தது. அதன் பின்னால் மட்டும் ஒரு பட்டை பளிச்சென்று வெளுத்திருந்தது. தெளிந்த நீர் ஸ்கேனின் ஒலியலைகளைத் தடுக்காமல் விட்டுவிடுவதால் பின்னாலுள்ள சதை அப்படிப் பிரகாசமாகத் தெரிகிறதென்றும், உள்ளே திண்மமாக எதுவும் இல்லை, சுவர் மெல்லியதாகவும் சீராகவும் இருக்கிறதென்றும் ஸ்கேன் மருத்துவர் சொன்னார். அளவு 9-க்கு 8.

20 ஜனவரி 2025

முதலில் எடுத்த அதே நிலையம், வழக்கமான வயிற்று ஸ்கேன், நிரம்பிய சிறுநீர்ப்பை: 9-க்கு 7. பி.எஸ்.ஏ. 1.4. சிறுநீர் கழித்த பிறகு உள்ளே தங்குவது 20 மி.லி.; அதுவும் கவலைப்படும் அளவு அல்ல.

எப்போது உடனே வரவேண்டும் என்று கேட்டேன். சிறுநீர் தொடங்கத் தாமதித்தாலோ தாரை மெலிந்தாலோ, விந்தில் இரத்தம் கண்டாலோ, காய்ச்சலோடு எரிச்சல் வந்தாலோ, விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையே வலி நிலைத்தாலோ வரச் சொன்னார். தொந்தரவு தரும் கட்டியை ஊசியால் உறிஞ்சலாம். ஆனால் நீர் மறுபடி ஊறக்கூடும். சிறுநீர்க்குழாய் வழியே கருவியைச் செலுத்தி மேற்சுவரைத் திறந்துவிடுவது இன்னொரு வழி. தொந்தரவே தராததை ஏன் தொடவேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது என் கட்சியும் அதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரட்டுமா என்றதற்கு, "வருஷம் ஒரு தடவை போதும் சார், பழைய படங்களை மட்டும் மறக்காம கொண்டு வாங்க" என்றார். மூன்று ஸ்கேன் நிலையங்களின் படங்களையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வோர் உறையின் மேலும் தேதி, இடம், எந்த வழியில் எடுத்தது, சிறுநீர்ப்பை எவ்வளவு நிரம்பியிருந்தது என்று எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.