கேப் கனாவரல் வானிலைத் தாளைப் படிக்கும் முறை

புளோரிடா ராக்கெட் ஏவுதல்களுக்கு அமெரிக்க விண்வெளிப் படையின் 45ஆவது வானிலைப் படைப்பிரிவு வெளியிடும் முன்னறிவிப்புத் தாளில் எல்லோரும் முதலில் சறுக்கும் இடம் அந்தச் சதவீதம்தான். 40 என்று போட்டிருந்தால் மழை வாய்ப்பு 40 என்று நினைத்துவிடுவோம். ஏவும் நேரத்தில் வானிலை விதிகளில் ஏதோ ஒன்று மீறப்படும் வாய்ப்பு அது. மேல்வளிக் காற்றும், பூஸ்டர் (ராக்கெட்டின் கீழ்ப்பகுதி) இறங்கும் கடற்பகுதியின் நிலையும் அதில் சேராது. அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். தரையில் இலை அசையாத நாளிலும் 10 கிலோமீட்டர் உயரத்துக் காற்று ஏவுதலை நிறுத்திவிடும்.

விதிகளில் பெரும்பாலானவை மின்னலைப் பற்றியவை. தானாக விழும் மின்னலைவிட ராக்கெட்டே வரவழைக்கும் மின்னல்தான் பெரிய தலைவலி. ராக்கெட்டும் அதன் நெருப்பு வாலும் சேர்ந்து, மேகத்துக்குள் நீட்டிய நீளக் கம்பிபோல ஆகிவிடுகின்றன. 1969 நவம்பர் 14 அன்று நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 12 இப்படி 36.5ஆவது விநாடியிலும் 52ஆவது விநாடியிலும் அடி வாங்கியும் பிழைத்தது. 1987 மார்ச் 26 அன்று கிளம்பிய அட்லஸ்-சென்டார் ராக்கெட் பிழைக்கவில்லை. வழிகாட்டும் கணினியின் நினைவகம் குழம்பி, ராக்கெட் திரும்பி உடைந்தது.

எனவே மேகம் கறுப்பா வெளுப்பா என்று பார்த்துப் பயனில்லை, எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 0 முதல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குள் உறையாத நீர்த்துளிகளும் பனித்துகள்களும் மோதி மின்னூட்டம் பிரிகிறது. திரள் மேகத்தின் உச்சி மைனஸ் 10ஐவிடக் குளிர்ந்தால் ராக்கெட்டின் பாதை 5 கடல் மைல் விலகியிருக்க வேண்டும். மைனஸ் 20ஐவிடக் குளிர்ந்தால் 10. மழையே தராத அடுக்கு மேகமும், 4,500 அடிக்கு மேல் தடித்து இந்தக் குளிருக்குள் வந்தால் தடைதான்.

பாதையிலிருந்து 10 கடல் மைலுக்குள் மின்னல் விழுந்தால் 30 நிமிடம் காத்திருப்பு. இன்னொன்று விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. விண்வெளி நிலையத்துக்குப் போகும் ஏவுதலுக்கு இது கொடுமை. குறித்த நொடி தவறினால் அன்றைக்கு அவ்வளவுதான். 2020 மே 27 அன்று இரண்டு வீரர்களுடன் நிலையத்துக்குப் போகவிருந்த ஸ்பேஸ்எக்ஸின் டெமோ-2 சுமார் 17 நிமிடம் மீதமிருக்கும்போது நின்று, 30ஆம் தேதி கிளம்பியது அப்படித்தான்.

கோடையில் சதவீதத்துக்கு முன் காற்றுத் திசையைப் பாருங்கள். கிழக்குக் காற்று பிற்பகல் இடிமேகங்களை உள்நாட்டுக்குத் தள்ளும். தென்மேற்குக் காற்று அவற்றை நேரே ஏவுதளத்துக்கு ஓட்டி வரும்.